கோகுல் கண்ட மேடு

சாப்பாட்டு மேசை முழுக்க மனைவி பார்கவியின் ஆய்வுப் படங்கள் பரந்து கிடந்ததால், கோகுல்நாத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தோசை சாப்பிட்டான். கல்யாணமானதிலிருந்து அவனுக்கு வாய்த்த மேசை அவ்வளவுதான். படங்களில் இருந்தது வெள்ளி கிரகத்தின் ஓர் எரிமலை வாய். எந்நேரமும் மேகம் மூடிய இடம், சாதாரண கேமரா அங்கே உதவாது. அவள் பிறப்பதற்கு முன்பே ஒரு விண்கலம் அதைச் சுற்றி வந்து, ரேடார் அலைகளை மேகத்துக்குள் அனுப்பித் தரையைப் படம் பிடித்திருந்தது. சில மாத இடைவெளியில் எடுத்த இரண்டாவது படத்தில் அந்த வாய் பெரிதாகியிருக்கிறது, எரிமலை இன்னும் உயிரோடிருக்கிறது என்று அவள் ஒரு மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பியிருந்தாள்.

ஆய்வு வழிகாட்டி மகாதேவன் ஒரே போடாகப் போட்டுவிட்டார். "மொதல் தடவை இடப்பக்கம் சாஞ்சு பார்த்தது, அடுத்த தடவை வலப்பக்கம். பக்கம் மாறினா உருவமும் மாறும்மா. வெள்ளிக்குள்ள வாபஸ் வாங்கிடு."

வெள்ளியைப் பற்றிய கட்டுரைக்கு வெள்ளிக்கிழமை கெடு. பார்கவிக்கு ஆத்திரமாக வந்தது. அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம் என்பதுதான் ஆத்திரத்துக்குக் காரணம்.

"இது என்ன மேடு?" என்றான் எதிரில் இருந்த கோகுல்.

"மேடில்ல, பள்ளம்."

"தினம் குண்டும் குழியுமா இருக்கிற சாகண் ரோட்டுல பைக் ஓட்டறேன். நான் பார்க்காத பள்ளமா? இது மேடு."

எழுந்து அவன் பக்கம் போய்ப் பார்த்தாள். மேடாகத்தான் தெரிந்தது. படத்தைத் தலைகீழாகப் பார்த்தால் கண் இப்படி ஏமாறும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மேடு பள்ளமாகவில்லை. இனிக் கண்ணை நம்புவதில்லை என்று தீர்மானித்தாள்.

முதல் படத்திலிருந்து பள்ளத்தின் வடிவத்தைக் கணக்கிட்டுக் கணினிக்குள் கட்டினாள். அதையே ரேடார் வலப்பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று வரைய வைத்தாள். பள்ளம் மாறவில்லை என்றால் அந்தப் படமும் இரண்டாவது படமும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் தானே வாபஸ் வாங்கிவிடுவது. புதன் போயிற்று, வியாழனும் போயிற்று. வெள்ளி காலையில் கணினி வரைந்த படம் வந்தது.

அதையும் விண்கலத்தின் இரண்டாவது படத்தையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தாள். அவளுக்கு வித்தியாசம் தெரிந்தது. ஆனால் அவள் கண்ணுக்கு ஆசை இருந்தது. ஷூ மாட்டிக்கொண்டிருந்த கோகுலைக் கூப்பிட்டு எதிர் நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"ரெண்டும் ஒண்ணா, பார்த்துச் சொல்லு."

அவன் அவசரப்படாமல் பார்த்தான்.

"எனக்கு இப்பவும் மேடுதான். ஆனா ஒண்ணில்ல. இந்த மேடு பெருசு."

அவன் விரல் விண்கலத்தின் இரண்டாவது படத்தின் மேல் இருந்தது. பார்கவி அவனைத் திருத்தவில்லை. மகாதேவனிடம் காட்டப் படங்களைப் பையில் வைத்துக்கொண்டு ஹெல்மெட்டைத் தேடினாள்.