ராதோமிர் எழுதாத மெயில்

பாலோவுக்கு அந்த டிசம்பர்ல ஒரே ஒரு கவலதான். நெவென்காவோட அப்பா தன்ன ஸ்லாவாவுக்குக் கூப்பிடுவாரா, மாட்டாரா?

ஸ்லாவான்னா செர்பியாக்காரங்க வீட்டுச் சாமியக் கும்பிடற நாள்னு வெச்சுக்கோங்க. நெவென்கா வீட்டுக்கு நிக்கோலா புனிதர், டிசம்பர்ல வருவாரு. அன்னிக்கு வீடு நெறைய ஆளு வரும், சாப்பிடும், பாடும். ஆனா யாரையும் கூப்பிட மாட்டாங்க. ஒருத்தர முதல் தடவ மட்டும் வீட்டுக்காரர் நேர்ல பாத்து வாயால கூப்பிடணும். அப்புறம் அவரு சாகற வரைக்கும் வருஷா வருஷம் தானா வந்துடலாம். அந்த முதல் வார்த்த வராம உள்ள நுழைஞ்சா, அவ்வளவுதான், ஊரே பேசும்.

பாலோ செர்பியன் இல்ல. பெட்ரோவாட்ஸ்ங்கற ஊர்ல ஸ்லோவாக் வீட்டுப் பையன், அவங்களுக்கு ஸ்லாவாவே கெடையாது. நோவி சாத்ல ஒரு சின்னக் கம்பெனில கோட் எழுதற வேல. நெவென்காவோட பழக்கம் ரெண்டு வருஷமாச்சு. அவ அப்பா ராதோமிர் இவனப் பாத்தா தலைய ஆட்டுவாரு, "குளுரா இருக்குல்ல?"ம்பாரு, அதோட பேச்சு முடிஞ்சுது. ஜூலை மாசத்துலகூட ஒரு தடவ அப்படித்தான் கேட்டாரு.

"உங்கப்பா என்னப் பத்தி ஏதாவது சொன்னாரா?"ன்னு பாலோ கேப்பான்.

"சொன்னாரே."

"என்ன சொன்னாரு?"

"உன் ஷூவப் பாத்தா ஆத்தங்கரைக்கு ஆகாதுன்னாரு."

இவன் ராத்திரி பூரா அந்த ஷூவ நெனச்சுட்டுக் கெடப்பான். அப்படிப்பட்ட ஆளு.

ராதோமிர் டான்யூப் கரையில இருக்கற தூண்டில்காரங்க சங்கத்துக்குத் தலைவர். எந்தெந்த மாசம் எந்த மீனப் பிடிக்கக் கூடாதுன்னு வருஷக் கடைசில ஒரு படம் போட்டு உறுப்பினர் எல்லாருக்கும் மெயில்ல அனுப்பணும். அந்த வேல ஸ்தேவாங்கற பெரியவருது. ஒவ்வொருத்தருக்கா ஒத்த விரலால தட்டி அனுப்புவாரு. பாதிப் பேருக்குப் படம் இல்லாம மெயில் போகும். சிலருக்கு மெயில் இல்லாமப் படம் மட்டும் போகும். செத்துப்போனவருக்கு ரெண்டு தடவ போகும்.

ஒரு ஞாயித்துக்கிழம ராதோமிர் இதச் சொல்லி அலுத்துக்கிட்டாரு. பாலோ குதிச்சு எந்திரிச்சான். "நான் பண்றேன், சிக்கா ராதோமிர்! கிளவுட்லேருந்து ஒரே அழுத்து, எல்லாருக்கும் போயிடும்." அங்க பெரியவங்கள சிக்கான்னுதான் கூப்பிடணும், நம்ம ஊரு சித்தப்பா மாதிரி.

ராதோமிர் இவன் பக்கம் திரும்பினாரு. "என் பேருலயா போகும்?"

"உங்க பேருலதான். உங்களுக்கு ஒரு லிங்க் வரும், நீங்க அத அழுத்திச் சம்மதம் சொல்லணும்."

"அப்ப நீ எது எழுதினாலும் நான் எழுதின மாதிரிதானா?"

"ஆமா."

"ஹ்ம்"ன்னு சொல்லிட்டு லிங்க அழுத்தினாரு மனுஷன். அந்த 'ஹ்ம்' சம்மதமா சந்தேகமான்னு இன்னி வரைக்கும் பாலோவுக்குத் தெரியாது.

மறுநாள் ஆபீஸ்ல உக்காந்தான். அந்த கிளவுட் சர்வீஸ்ல சும்மா நாலு வரி அனுப்பணும்னா சுலபம். யாருக்கு, என்ன தலைப்பு, என்ன விஷயம், முடிஞ்சுது. ஆனா இவன் பாத்த அந்தச் சுலப வழியில படம் சேக்க எடமில்ல. படம் சேக்கணும்னா மெயில பச்சையா, அக்கு அக்கா நாமளே கோட்ல கட்டித் தரணும். மேல யாரு அனுப்பறா, யாருக்கு, தலைப்பு. அப்புறம் ஒரு வெத்து வரி. அப்புறம் விஷயம். நடுவுல ஒரு தடுப்பு, அதுக்குக் கீழ படத்தப் பொடிப்பொடியா எழுத்தா மாத்திக் கொட்டணும். ஒரு வெத்து வரி விட்டுப்போனா விஷயம் பூரா காணாமப் போயிடும். காலைலேருந்து அனுப்பிப் பாக்கறான். ஒரு தடவ படம் வரல. ஒரு தடவ படம் வந்துச்சு, தொறக்கல. ஒரு தடவ படமே எழுத்தா பக்கம் பக்கமா வந்துது.

பக்கத்து சீட்டு கோர்தானா எட்டிப் பாத்தா. அங்க ரொம்ப வருஷமா இருக்கறவ. "என்னடா, கெண்ட மீனு கொழம்பாயிடுச்சா?"

"போங்கக்கா."

"சோதனைக்கு என்ன எழுதி அனுப்பற?"

"ஒண்ணுமில்ல, 'சோதன, சோதன'ன்னுதான்."

"ஏதாவது உருப்படியா எழுதேன். படிக்கற உனக்காவது சந்தோஷமா இருக்கும்."

அவ போனதும் பாலோவுக்கு அந்த யோசன புடிச்சுப்போச்சு. அனுப்பறவர் ராதோமிர், வாங்கறவன் பாலோ. அப்ப ராதோமிர் எனக்கு என்ன எழுதுவாரு? சிரிச்சுக்கிட்டே தட்டினான்:

"அன்பு பாலோ, நிக்கோலா நாளைக்கு நீ அவசியம் வரணும். நீ இல்லாத ஸ்லாவா எனக்கு ஸ்லாவாவே இல்ல. என் பக்கத்துலயே உக்காந்து சாப்பிடு. பெரிய கெண்டயில நடுத்துண்டு உனக்குத்தான். உன்ன மாதிரி ஒருத்தன் கெடச்சது எங்க வீட்டு அதிர்ஷ்டம். படமும் சேத்திருக்கேன். உன் ராதோமிர்."

அழுத்தினான். அவன் பெட்டியில டக்குன்னு வந்து விழுந்துது. மேல 'அனுப்புநர் ராதோமிர், பெறுநர் பாலோ'. படத்தத் தொறந்தா தொறக்குது! மீனெல்லாம் கலர் கலரா! எந்திரிச்சு நின்னு கைதட்டினான். அந்த சந்தோஷத்துல போய் ஒரு புரெக், அதான் உள்ள சீஸ் வெச்ச அடுக்கு ரொட்டி, வாங்கி, சுடச்சுட, கையெல்லாம் எண்ணெயா நின்னுட்டே தின்னான்.

அப்ப நெவென்கா ஃபோன் பண்ணா.

"எங்கப்பா பக்கத்துல உக்காரப் போறியாமே?"

புரெக் தொண்டையில நின்னுது. "யாரு... யாரு சொன்னா?"

"ஸ்தேவா சிக்கா. நடுத்துண்டு உனக்குன்னதுல அவருக்கு ஒரே வருத்தமாம்."

"அவருக்கு எப்படித் தெரியும்? அது எனக்கு மட்டும்தான வந்துது! மேல என் பேருதான போட்டிருக்கேன்!"

"பாலோ, எங்கம்மாவோட பல் டாக்டருக்கும் வந்திருக்கு. அவரும் தூண்டில் போடறவரு."

ஓடினான் ஆபீஸுக்கு. கோர்தானா அவன் எழுதின கோட்ட ஒரு பார்வ பாத்துட்டு மேசையில நெத்திய வெச்சுக்கிட்டா. தோளு குலுங்குது. அழறாளா சிரிக்கறாளான்னு புரியல.

"டேய், மேல எழுதற பேரு கடுதாசிக்குள்ள எழுதற 'அன்புள்ள' மாதிரிடா. தபால்காரன் அதப் பாப்பானா? கவர் மேல இருக்கற விலாசத்தத்தான பாப்பான். பச்சையா அனுப்பும்போது கவரு தனி, கடுதாசி தனி. இதோ பாரு, கீழ."

கீழ பாத்தான். யார் யாருக்குக் கொண்டுபோய்ச் சேக்கணும்ங்கற எடத்துல, அந்தக் கடைசிச் சோதனைக்குக் கொஞ்சம் முன்னாடி, இனி சரியாப் போகும்னு நம்பி அவனே கொண்டுவந்து வெச்ச சங்கத்து உறுப்பினர் பூரா பேரும் வரிசையா உக்காந்திருந்தாங்க. இவன் 'அன்புள்ள'வ மட்டும் மாத்திட்டு, கவர மாத்தல.

"திருப்பி எடுத்துடலாமாக்கா?"

"போன மெயில் போனதுதான்."

"'தயவுசெஞ்சு முந்தின மெயிலப் படிக்காதீங்க'ன்னு இன்னொண்ணு அனுப்பட்டுமா?"

"அனுப்பு. இன்னும் படிக்காதவன் எவனாவது இருந்தா அவனும் தேடிப் படிக்கட்டும்."

பாலோ தலையில கைய வெச்சு உக்காந்துட்டான். மனுஷன் வாயத் தொறந்து கூப்பிடறதுக்கு முன்னாடி, இவனே அவரு பேருல தன்னக் கூப்பிட்டுக்கிட்டான். அதுவும் மெயில்ல. மின்சார பில்லு மாதிரி! இனிமே கூப்பிடுவாரா? வாசப்படி மிதிக்க விடுவாரா? நெவென்கா என்ன செய்வா?

"போய் நேர்ல சொல்லு. இங்க உக்காந்து என் டிஷ்யூவ காலி பண்ணாத"ன்னு கோர்தானா வெரட்டினா.

போனான். சங்கத்துக் குடில் ஆத்து மேல மெதக்கறது. உள்ள அடுப்பு, மீன் சூப் வாசன, நாலஞ்சு பெரியவங்க. இவன் தலையப் பாத்ததும் ஸ்தேவா சத்தமா எந்திரிச்சாரு.

"மாப்ள வந்தாச்சு! சேர் போடுங்கப்பா, தலைவர் பக்கத்துல!"

"ஷூவப் பாத்து வா மாப்ள, பலகையில வழுக்கும்."

"டேய், அவன் நம்ம சங்கத்து அதிர்ஷ்டம்டா, ஆத்துல விட்டுடாதீங்க!"

ராதோமிர் மூலையில தூண்டில் நூல சிக்கெடுத்துட்டு இருந்தாரு. நிமுந்து பாக்கல.

"சிக்கா ராதோமிர்," பாலோ அவரு முன்னாடி போய் நின்னான், "அத நான்தான் எழுதினேன். சோதனைக்கு. எனக்கு மட்டும்னு நெனச்சேன். எல்லார்கிட்டயும் சொல்லிடறேன், நீங்க எழுதலன்னு."

"அத நீ வேற சொல்லணுமா?" ஸ்தேவாதான் பதில் சொன்னாரு. "படிச்ச ஒடனே எங்களுக்குத் தெரியும், இவரு எழுதலன்னு."

"எப்படித் தெரியும்?"

"'என் பக்கத்துல உக்காந்து சாப்பிடு'ன்னு எழுதியிருக்கியே, கண்ணு. ஸ்லாவா அன்னிக்கு வீட்டுக்காரன் எங்கடா உக்காருவான்? காலைலேருந்து கடைசி ஆளு போற வரைக்கும் நின்னுட்டே பரிமாறணும். எந்தச் செர்பியன் இப்படி எழுதுவான்? ஒரே ஒரு ஸ்லோவாக்தான் எழுதுவான்."

குடிலே குலுங்கிச் சிரிச்சுது. பாலோவுக்கு அப்படியே பலகைக்கடியில ஆத்துல எறங்கிடலாம்னு இருந்துது.

ராதோமிர் நூல கீழ வெச்சாரு. "படம் நல்லா வந்துது"ன்னாரு. "எல்லாருக்கும் தொறந்துதாம்."

"சரி, சிக்கா."

"ஆனா மெஷின் கூப்பிட்டது செல்லாது. போ. ஒழுங்கான மெயில அனுப்பு."

செல்லாது! பாலோ திரும்பி வந்தான். கவர மூணு தடவ பாத்து, கோர்தானாவ நாலாவது தடவ பாக்கச் சொல்லி, ஒழுங்கான மெயில அனுப்பினான். அப்புறம் காத்திருந்தான். ஒரு நாளு போச்சு, இன்னொரு நாளு போச்சு. நெவென்காகிட்டக் கெஞ்சினான்.

"நீயாவது கூப்பிடேன்."

"நான் கூப்பிடக் கூடாது. வீட்டுக்காரர்தான் கூப்பிடணும்."

"கேட்டுப் பாரேன்."

"கேட்டேன். குளுரா இருக்குன்னாரு."

ஸ்லாவாவுக்கு முந்தின நாளு மத்தியானம், ஆபீஸ் கதவு தொறந்துது. ராதோமிர்! தலையில நல்ல தொப்பி, கையில செதுக்கு வேல செஞ்ச மரக் குடுவை. அந்தக் காலத்துல கல்யாணத்துக்கும் ஸ்லாவாவுக்கும் கூப்பிடறவங்க கையோட கொண்டுபோவாங்களாம். இப்பல்லாம் அலமாரியிலதான் இருக்கும். கோர்தானா வாயப் பொத்திக்கிட்டா. எல்லாரும் கம்ப்யூட்டர விட்டுட்டு எந்திரிச்சு நின்னாங்க.

"பாலோ," அவரு சத்தமா, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னாரு, "நாளைக்கு எங்க வீட்டுல நிக்கோலா. காலைல வந்துடு."

பாலோ குடுவைய வாங்கி ஒரு மொடக்கு குடிச்சான். கண்ணுல தண்ணி வந்துது. பழச் சாராயம் ரொம்பக் காட்டம்னு பின்னாடி சொல்லிக்கிட்டான்.

"காலைலயா, சிக்கா? விருந்தாளிங்க மத்தியானம்தான வருவாங்க?"

"விருந்தாளிங்க மத்தியானம்தான் வருவாங்க. நீதான் பக்கத்துல இருக்கணும்னு ஊருக்கே எழுதியிருக்கியே. நான் உக்கார மாட்டேன். அப்ப நீ எங்க இருப்ப?"

பாலோவுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆச்சு. கோர்தானாவுக்கு ஒடனே புரிஞ்சுது. அவ பின்னாடிலேருந்து அவன் முதுகுல ஒரு அடி வெச்சா.

"நல்ல ஷூ போட்டுட்டு வா"ன்னுட்டு ராதோமிர் போயிட்டாரு.

அடுத்த நாள் பூரா பாலோ நின்னான். மெழுகுவர்த்தி ஏத்தும்போது நின்னான், கோதுமைப் பாயசத்தட்ட நீட்டினான், சூப்பு, பீன்ஸ், வறுத்த மீனுன்னு அடுப்பங்கரைக்கும் கூடத்துக்குமா நடந்தான். ராதோமிர் ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம். நடுவுல ஒரு தடவ அடுப்பங்கரை ஸ்டூல்ல மெதுவா உக்காரப் பாத்தான். நெவென்காவோட அம்மா கரண்டியால வாசலக் காட்டினாங்க. "எந்திரி, எந்திரி, ஆளு வருது!"

வந்தது தூண்டில் கோஷ்டி. ஸ்தேவா நடுவுல உக்காந்து தட்ட நீட்டினாரு.

"நடுத்துண்டு உனக்குத்தான மாப்ள? நாங்க வாலு தின்னுக்கறோம்."

பாலோ பெரிய கெண்டயோட நடுத்துண்ட எடுத்து அவரு தட்டுல வெச்சான்.

"பாருடா!" ஸ்தேவா வாய் நெறைய மீனோட கத்தினாரு. "ராதோமிரே, அடுத்த வருஷம் இவனுக்கு என்ன, மெயில் போடுவியா, நேர்ல போவியா?"

ராதோமிர் அவரு கிளாஸ நெரப்பிட்டே சொன்னாரு: "பரிமாறறவனப் போய் எவனாவது கூப்பிடுவானா? வாய மூடிட்டுத் தின்னு. பாலோ, ரொட்டி தீந்துபோச்சு பாரு."

பாலோ ரொட்டி எடுக்க ஓடினான். காலு ரெண்டும் விண்ணு விண்ணுன்னு வலிக்குது, மூஞ்சி மட்டும் சிரிக்குது.