இரண்டு பக்கத்து மாத்திரை

எங்கள் ஊர் கோபாலபுரம் செக்போஸ்டுக்குக் கேரளப் பக்கம். ரேஷன் அரிசி இங்கே, கல்யாணச் சேலை பொள்ளாச்சியில். எது எங்கே நன்றாகக் கிடைக்கிறதோ அங்கே வாங்குவோம். என் வீட்டுக்காரர் சிவப்பிரகாஷ் கொழுப்புக்கு மாத்திரை வாங்கியதும் அப்படித்தான். இங்கே அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக ஒன்று. இலவசத்தில் நம்பிக்கை இல்லாமல் பொள்ளாச்சி டாக்டரிடம் இன்னொன்று. அட்டையில் பெயரும் நிறமும் வேறு. ஒன்று கொழுப்பைக் குறைக்க, மற்றது கூடாமல் நிறுத்த என்று அவரே முடிவுகட்டி இரண்டையும் விழுங்கினார். பெரிய வைத்தியர்!

கொஞ்ச நாளில் கால் குடைச்சல், தூக்கமில்லை. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார்.

வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த எங்கள் மகள் அனுப்பிரியா, சாப்பிட உட்கார்ந்தபோது சிரித்தாள். "ஏனுங்கப்பா, தென்னந்தோப்புக்காரர் ஊட்டுல தேங்காச் சட்னிக்குப் பஞ்சமா?"

தட்டு சுவரில் போய் விழுந்தது. "புடிக்கலைன்னா உன்ற ஊட்டுக்குப் போ!"

மறுநாளே வயிற்றைத் தூக்கிக்கொண்டு உடுமலைக்கு, மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள். ஊர் சிரிப்பது கிடக்கட்டும். வலி எடுக்கும்போது அவள் பக்கத்தில் நான் இருக்க வேண்டாமா?

அன்று மாலை அவர் மோட்டார் ரூமில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். "என்னமோ ஆகுது கௌசி. எனக்கே எம்மேல பயமா இருக்குது."

இரண்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு அவரை அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். மலையாளத்து டாக்டரம்மா புரட்டிப் பார்த்து, "ரெண்டும் ஒரே மருந்தாணு. எதுக்கு ரெண்டு?" என்றார். இவர் இங்கத்தியதை அங்கேயும் அங்கத்தியதை இங்கேயும் சொல்லவே இல்லையாம். பொள்ளாச்சி மாத்திரையை நிறுத்தி, ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்.

"கோபம் இதனாலதானுங்களா?" என்று கேட்டேன்.

"சிலர் அப்படிச் சொல்றதுண்டு. ஆனா உறுதியாச் சொல்ல முடியாது அம்மா."

முதல் பாதி மட்டும்தான் என் காதில் ஏறியது. எனக்கு அது போதுமாக இருந்தது.

கால் வலி குறைந்தது, தூங்கினார், குரலும் தணிந்தது. அனுவுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அம்மிணி, எல்லாம் அந்த மாத்திரை பண்ணுன வேலை. ரெண்டு பங்கு தின்னிருக்கறாரு. இப்ப பழைய அப்பா ஆயிட்டாரு. வந்துரு கண்ணு."

"பழைய அப்பாவாம்மா? எட்டாவதுல மார்க்கு கொறைஞ்சதுக்கு என்ற சடையைப் புடிச்சுக் களத்துல இழுத்துட்டு வந்தாரே, அப்ப எந்த மாத்திரைங்கம்மா தின்னாரு?"

எனக்குச் சுருக்கென்றது. அது ஏதோ ஒரு நாள் கோபம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துத் தடுத்தார். போன் பக்கம் குனிந்தார்.

"மாத்திரை இல்லை அம்மிணி. அது நாந்தான். நீ இங்க வர வேண்டாம். அம்மாவை அங்க அனுப்பறேன். நீ கூப்பிட்டா மட்டும் நான் வரேன்."

சம்பந்தி வீட்டில் போய் உட்கார்ந்து மகளுக்குப் பிரசவம் பார்த்த தாயை எங்கள் பக்கம் யாரும் கண்டதில்லை. போனில் அனு அழுதாள். நான் எழுந்து போய்ச் சேலைகளை எடுத்துவைக்கத் தொடங்கினேன்.