மேனுவலே இருக்கட்டும்

ஆட்டோமேட்டிக் வண்டி ஓட்டுகிறவர்களை என் கணவர் மனிதர்களாகவே மதித்ததில்லை. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர், இருபத்திரண்டு வருடமாக ஊராருக்கு கிளட்சை மெதுவாக விடக் கற்றுக்கொடுத்தவர், அந்தத் திமிர் இருக்கத்தான் செய்யும். யாராவது வந்து, "மாஸ்டர், எனக்கு ஆட்டோமேட்டிக் மட்டும் தெரிஞ்சா போதும்" என்றால், "அப்ப மாஸ்டர் எதுக்கு? வீட்ல சோபாவுல உக்காந்து பழகிக்குங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். பதிவு மேசையில் உட்கார்ந்திருக்கும் நான் பல்லை இளித்து அந்த ஆளைப் பிடித்து நிறுத்த வேண்டும். ஸ்கூலில் வண்டி அவர் பொறுப்பு, பேச்சு என் பொறுப்பு. வீட்டிலும் அதே ஏற்பாடுதான். எனக்கு அவர் வைத்திருந்த பெயரே வாயாடி.

எங்களுக்கென்று ஒரு வண்டி இருந்ததே இல்லை. இருந்ததெல்லாம் பயிற்சி வண்டிகள், மாஸ்டர் உட்காரும் இடது பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் வைத்தவை. அதனால் அவர் கண் வைத்திருந்த ஒரு சின்ன எஸ்யூவியை அடியோடு மாற்றி வடிவமைத்துக் கொண்டுவருகிறார்கள் என்று செய்தி வந்த நாளிலிருந்து வீட்டில் வேறு பேச்சே கிடையாது. பழைய மாடல் ஏற்றத்தில் மூச்சு வாங்கும். புதியதில் இரண்டு எஞ்சின், இரண்டும் டர்போ. ஒரு லிட்டரில் மூன்று சிலிண்டர், ஒன்றரை லிட்டரில் நாலு. சின்னதை மேனுவலிலோ, கியர் படிகளே இல்லாத சிவிடி ஆட்டோமேட்டிக்கிலோ வாங்கலாம். பெரியதற்கு ஆறு கியர் மேனுவல், இல்லாவிட்டால் ஏழு கியர் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். எட்டு மாதம் மூன்று வேளையும் சாப்பாட்டோடு சேர்த்து ஊட்டினார்.

"மூணு சிலிண்டர் கெட்டதுன்னு சொல்ல மாட்டேன்" என்பார். "ஆனா வேகம் கம்மியா இருக்கும்போது டர்போ முழிச்சுக்க நேரமாகும். ஏத்தத்துல நீ காத்துக்கிட்டு நிக்கணும்."

"நான் எதுக்குங்க ஏத்தத்துல நிக்கணும்? நான் பாட்டுக்கு வீட்ல இருக்கேன்."

"சிவிடின்னா சத்தம் முன்னால ஓடும், வண்டி பின்னால நடந்து வரும்."

"அந்த ஏழு கியர்?"

அதற்கு மட்டும் கொஞ்சம் யோசிப்பார். "அது கெட்டிக்காரப் பெட்டி. நாம நினைக்கறதுக்கு முன்னாடியே அடுத்த கியரை எடுத்து வெச்சிருக்கும். ஆனா அப்ப ஓட்டுறது நானில்ல, அது."

கடைசியில் ஒன்றரை லிட்டர் டர்போ, ஆறு கியர் மேனுவல், சாம்பல் நிறம். அவருக்குப் படிவம் நிரப்புவதென்றாலே அலர்ஜி என்பதால் என் பெயரில் புக் செய்தோம். பெரிய எஞ்சினை மேனுவலில் கேட்பவர்கள் குறைவு, வர நாலு மாதமாகும் என்று ஷோரூம் பெண் சொன்னாள். நாலு மாதம்தானே, ஓடிவிடும் என்று இவர் சொன்னார்.

அந்த நாலு மாதத்தில்தான் அவர் வேலையில் மெத்தனமாகிவிட்டார். அப்படித்தான் நான் நினைத்தேன். ஒருநாள் வங்கியில் வேலை பார்க்கும் ஓர் அம்மா, எங்களிடம் வண்டி பழகுகிறவர், என் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார். "மாஸ்டருக்கு என் மேல ஏதாவது கோவமா? இன்னைக்கு சிக்னல்ல வண்டி நாலு தடவை அணைஞ்சு போச்சு. பேசாம பாத்துக்கிட்டே இருக்காரு. முன்னெல்லாம் அவர் பக்கத்து கிளட்சை மிதிச்சுக் காப்பாத்துவாரே?"

நான் அன்று மாலையே அவரைப் பிடித்துக்கொண்டேன். ஜனங்கள் நம்பி வருகிறார்கள், நடு ரோட்டில் அவர்களை அசிங்கப்பட விடுவதா என்று வாய் வலிக்கக் கத்தினேன். "எத்தனை நாளைக்கு நானே மிதிக்கறது? அவங்களா கத்துக்கட்டும்" என்றார். நம்பினேன். ஆபீஸ் படியில் இரண்டு முறை கால் இடறி விழப் பார்த்தார். தேய்ந்துபோன செருப்பைக் கட்டிக்கொண்டு அழுதால் இப்படித்தான் என்று திட்டி, பின்பக்கம் வார் வைத்த புதுச் செருப்பு ஒரு ஜோடி நானே வாங்கி வந்து போட்டுவிட்டேன். நோய் காலில் இருந்தது, நான் செருப்பை மாற்றினேன்.

இன்னொரு நாள், பயிற்சி வண்டியை நான் ஓட்டிக்கொண்டு போய் நெரிசலில் ஒன்றரை மணி நேரம் மாட்டிக்கொண்டேன். வீட்டுக்குள் நுழைந்ததும் பொரிந்து தள்ளிவிட்டேன். "கிளட்சை மிதிச்சு மிதிச்சு என் முட்டியே போச்சு. உங்க புது வண்டியை நீங்களே ஓட்டிக்குங்க, என்னைக் கூப்பிடாதீங்க." அவர் என் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்து, காலை பதினொரு மணி இருக்கும், ஷோரூம் பெண் ஸ்கூலுக்கு போன் செய்தாள்.

"அக்கா, சார் நேத்து வந்து கியர்பாக்ஸை மாத்தச் சொல்லிட்டாரு. அதே எஞ்சின், ஆனா ஆட்டோமேட்டிக். புக்கிங் உங்க பேர்ல இருக்கு, நீங்க சரின்னு சொல்லணும்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவர் என் முட்டியைப் பார்த்தது ஞாபகம் வந்தது. என் முட்டிக்காக. வாய்க்கு வந்ததை நான் கத்தித் தீர்க்க, இந்த மனிதர் எட்டு மாத ஆசையை மடித்து வைத்துவிட்டு, யாருக்கும் சொல்லாமல் ஷோரூம் வரை போயிருக்கிறார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெளியே பயிற்சி வண்டியின் பானெட்டில் கை ஊன்றி, அடுத்த ஆளுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். ஏன் கை ஊன்றி நிற்கிறார் என்று என் மரமண்டைக்குத் தோன்றவில்லை. என் மனுஷன் என்று பெருமைதான் பொங்கியது.

"வேண்டாம்மா. மேனுவலே இருக்கட்டும்."

"சார் ரொம்ப அழுத்திச் சொன்னாரே அக்கா. நான் ரெண்டு தடவை கேட்டேன்."

"அவர் எனக்காகச் சொல்றாரு. அவர் மனசு எனக்குத் தெரியாதா? நீ அவர்கிட்ட மூச்சு விடாத. வண்டி எடுக்க வர்ற அன்னைக்கு அவரே பார்க்கட்டும்."

அன்று மாலை டீ குடிக்கும்போது, டம்ளரைப் பார்த்துக்கொண்டே அவரும் சொன்னார். "ஆட்டோமேட்டிக்குக்கு மாத்திட்டேன். உன் முட்டிக்கு நல்லது."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரிங்க, உங்க இஷ்டம்" என்றேன். வாயாடி என்று பெயர் வாங்கிய நான் ஏழு வாரம் ஒரு ரகசியத்தைக் காப்பாற்றினேன். வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் என் வாய் அடங்கியது.

வண்டி எடுக்கும் நாளில் அவர் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். ஷோரூமின் வழவழப்பான தரையில் என் தோளில் கை வைத்துக்கொண்டு மெல்ல நடந்தார். பொது இடத்தில் என் மேல் கை படாத மனிதர், எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. வண்டியின் மேலிருந்த துணியை அந்தப் பெண் விலக்கினாள். ஓட்டுநர் கதவைத் திறந்து அவரை உட்கார வைத்தேன். அவர் முகம் எப்படி மாறப்போகிறது என்று படம் பிடிக்க போனைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

அவர் ஸ்டியரிங்கைத் தடவினார். சீட்டைக் கொஞ்சம் முன்னால் இழுத்தார். பிறகு கீழே குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார். அங்கே மூன்று பெடல் இருந்தன.

"இது மேனுவல்" என்றார்.

"ஆமா. எனக்காக நீங்க ஒண்ணும் தியாகம் பண்ண வேணாம். மிதிங்க, ஸ்டார்ட் பண்ணுங்க."

இடது காலை நகர்த்தினார். நான் வாங்கிக்கொடுத்த செருப்பின் நுனி பெடலுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்துத் தூக்கி, பாதத்தைப் பெடல் மேல் எடுத்து வைத்தார். பெடல் இறங்கவில்லை. நான் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், பாவி. "என்னங்க விளையாட்டு, மிதிங்க."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமே இல்லை.

"கால் கேக்கல, வாயாடி."

ஷோரூம் பெண் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் விலகிப் போனாள். நான் சுற்றிப் போய் இடது சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். புது வண்டி வாசனைக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். நரம்பு நோய். ஷோரூமுக்குப் போய் கியர்பாக்ஸை மாற்றச் சொன்னதற்கு மூன்று வாரம் முன்பே டாக்டர் சொல்லிவிட்டார். முதலில் இடது கால், பிறகு வலது, பிறகு கைகள். அதற்குப் பிறகு என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"வலது கால் இன்னும் ஒரு வருஷம் தாங்கும்னாரு. ஆட்டோமேட்டிக்குன்னா வலது கால் போதும். ஒரு வருஷம் ஓட்டிடலாம்னு இருந்தேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"வண்டி வரட்டும், உன்னை உக்கார வெச்சு ஒரு ரவுண்டு போயிட்டு வந்து சொல்லலாம்னு பார்த்தேன். அதுவரைக்கும் நீ சண்டை போட்டுக்கிட்டு இருந்தா நல்லா இருக்கும்னு தோணிச்சு." பிறகு, "உன் முட்டி மேல பழியைப் போட்டேன் பாரு, அதுக்குத்தான் இது" என்றார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். இறங்கி ஓடி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். வண்டி என் பெயரில் பதிவாகிவிட்டது, இனிமேல் புதிதாகப் புக் செய்தாலும் ஆட்டோமேட்டிக் வர ஐந்து மாதமாகும் என்று அவள் கண் கலங்கச் சொன்னாள். திரும்பி வந்து, இதை விற்றுவிடலாம், பழையதோ புதியதோ கிடைக்கிற ஆட்டோமேட்டிக்கை நாளைக்கே வாங்கலாம் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"இன்னொண்ணைத் தேடிப் பிடிக்க எனக்குத் தெம்பு இல்ல. எட்டு மாசம் பார்த்துப் பார்த்து எடுத்த எஞ்சின் இது. நீ இந்தப் பக்கம் வா."

கதவைப் பிடித்துக்கொண்டு, பானெட்டைப் பிடித்துக்கொண்டு, சுற்றி வந்து இடது சீட்டில் உட்கார்ந்தார். நான் ஸ்டியரிங்குக்கு முன்னால். அழுகையில் எனக்கு ரோடே தெரியவில்லை. கியர் கம்பியைப் பிடிக்கப் போன என் கையைத் தட்டிவிட்டு, தன் வலது கையை அதன் மேல் வைத்தார்.

"கிளட்ச்" என்றார்.

மிதித்தேன். அவர் முதல் கியரைப் போட்டார்.

"இப்ப விடு. மெதுவா."

அப்படித்தான் ஷோரூமை விட்டு வெளியே வந்தோம். மேம்பாலத்து ஏற்றத்தில், மூன்றாவது கியரில், வண்டி எங்கள் இருவரையும் சீட்டோடு அழுத்தித் தள்ளியபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். "பார்த்தியா, டர்போ முழிச்சுக்கிச்சு" என்றார். ஏழு வாரத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அதன் பிறகு தினமும் மாலையில் கிளம்பிவிடுவோம். கிளட்ச் என்னுடையது, கியர் அவருடையது. ஒரு வாரத்தில் அவர் சொல்வதையே நிறுத்திவிட்டார். எஞ்சின் சத்தத்தைக் கேட்டு நான் மிதிக்கும்போதே அவர் கை நகர்ந்திருக்கும். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் அப்படி ஒத்துப்போனது கிடையாது. டாக்டர் சொன்னதைவிட வலது கால் சீக்கிரமாகவே போனது. ஊன்றுகோல் வந்தது, சக்கர நாற்காலி வந்தது. ஸ்கூலை இன்னொரு மாஸ்டரிடம் ஒப்படைத்தோம். நாற்காலியை மடித்துப் பின்னால் போட்டுக்கொண்டு அப்போதும் போனோம்.

மன்னிப்பு மட்டும் நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் ஏதாவது சொல்லித் தேற்றுவார். அந்தத் தேறுதல் எனக்கு வேண்டாம் என்றிருந்தது. அவர் தானே ஓட்டியிருக்க வேண்டிய மாதங்களை நான் ஒரு போனில் தட்டிப் பறித்துவிட்டேன். அதற்கு என்னவென்று மன்னிப்புக் கேட்பது?

அவர் கட்டைவிரல் மெலிந்துகொண்டே வந்தது. கியர் விழத் தாமதமாகும்போது, முன்னால் போகும் வண்டியைப் பார்ப்பது போல நான் கிளட்சைக் கொஞ்சம் அதிக நேரம் அழுத்திப் பிடித்திருப்பேன். அவருக்கும் அது தெரியும்.

பத்தாவது மாதம், அதே மேம்பாலம். முன்னால் ஒரு லாரி ஊர்ந்தது. மூன்றிலிருந்து இரண்டுக்கு வர வேண்டும். மிதித்தேன். கம்பி அசையவில்லை. அவர் கை அதன் மேல்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் காத்திருந்தேன். வண்டி வேகம் இழந்துகொண்டே வந்தது, பின்னால் ஹாரன் அடித்தார்கள். ஓரமாக ஒதுக்கி, கைப்பிரேக்கை இழுத்து நிறுத்தினேன்.

"நான் தப்புப் பண்ணிட்டேங்க" என்றேன். "உங்க வருஷத்தை நான் எடுத்துக்கிட்டேன்." ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து அழுதேன்.

அவர் வெகுநேரம் அழவிட்டார். அப்போதெல்லாம் அவர் பேச்சும் குழற ஆரம்பித்திருந்தது, நிதானமாக ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும்.

"ஏத்தத்துல ரொம்ப நேரம் நிறுத்தக் கூடாது" என்றார். "எடு."

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கம்பி மேலிருந்த அவர் கையை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டு, கிளட்சை மிதித்து, முதல் கியரை நானே போட்டேன்.