ஆண்டுக்கு ஒரு வண்டி விறகு

ஒதிலியா குதிரையை விரட்டினாள். ஆற்றுத்துறைக்கு இன்னும் அரை கிலோமீட்டர். அதற்குள் வண்டியை மறிக்காவிட்டால், எழுபத்தொன்பது வயதில் அவள் அனாதையாகிவிடுவாள். அவளே என்னிடம் அப்படித்தான் சொன்னாள்.

நான் மோட்டார் சைக்கிளில் பின்னால் போனேன். போகாமல் முடியாது. குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

அவள் அப்பா தோன் எவரிஸ்டோ மட்டாரிட்டாவுக்குப் போன மாதம் நூற்றொரு வயது முடிந்தது. குவாதலூப்பே மாதா திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பு, நிகோயா நகருக்குச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து மாட்டு வண்டிகளில் விறகு போகும். திருவிழாவை நடத்தும் சபைக்காரர்கள் ஊருக்கே சமைப்பது அந்த விறகில்தான். அவர் ஒரு வருடம்கூடத் தவறியதில்லை. ஏன் என்று கேட்டால், அது எனக்கும் மாதாவுக்கும் உள்ள விஷயம் என்பார். செத்துப்போன மனைவியிடமும் அதே பதில்தான்.

இந்த வருடம் மருத்துவமனையில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இதயம் மிகவும் பலவீனம், வழியிலுள்ள ஆற்று மேட்டில் வண்டியோடு ஏறினால் திரும்பி வரமாட்டார் என்று. ஒதிலியா நுகத்தடியை எடுத்துத் தன் கட்டிலுக்கு அடியில் ஒளித்தாள். விடிவதற்குள் அவர் பக்கத்து வீட்டுக்காரனான என்னிடம் வந்து ஒரு நுகத்தடி இரவல் கேட்டார். கொடுத்துவிட்டேன். அறுபத்தெட்டு வயதிலும் என்னைப் பொடியன் என்று கூப்பிடுகிறவர் கேட்டால் எப்படி மறுப்பது?

துறையில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஓடியது. மாடுகளுக்கு முன்னால் தார்க்கோலோடு நடந்துகொண்டிருந்தார் கிழவர். ஒதிலியா சுற்றிக்கொண்டு போய்க் குதிரையைப் பாதைக்குக் குறுக்கே நிறுத்தினாள்.

"இந்த வயசுல குதிரையில இப்படியா வருவ? விழுந்து இடுப்ப ஒடிச்சிக்கிட்டா யாரு பாக்கறது?" என்றார் அவர்.

"நீங்க திரும்புங்கப்பா."

அவர் திரும்பவில்லை. மூச்சு வாங்கியது, உதடு வெளுத்திருந்தது. இனிமேல் பேரன்கள் லாரியில் கொண்டுபோகட்டும் என்றாள். தலையாட்டி மறுத்தார். அப்படியானால் கோலைக் கொடுங்கள், நானே ஓட்டிப் போகிறேன் என்று இறங்கி வந்து கோலைப் பிடித்தாள்.

"யாரு ஓட்டினாலும் நீ ஓட்டக் கூடாது."

"ஏன்?"

அவர் கோலைத் தன் பக்கம் இழுத்தார். மலைப்பக்கம் இடி கேட்டது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"காரணத்தச் சொல்லுங்க. நியாயமா இருந்தா குதிரைய நகத்துறேன். இல்லேன்னா இங்கேயே நிப்பேன், ரெண்டு பேரும் வெள்ளத்தோட சேந்து போவோம்."

கிழவர் என்னைப் பார்த்தார். பிறகு மாட்டின் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, ஆற்றைப் பார்த்தபடி பேசினார்.

"உனக்கு அப்ப எட்டு மாசம். தொண்டை அடைச்சி, மூச்சு விட முடியல. விடியறதுக்குள்ள போயிடும்னு மருத்துவச்சி சொல்லிட்டா. சவப்பெட்டிக்குப் பலகைகூட அறுத்தாச்சு. நான் மாதா முன்னால மண்டி போட்டு, இந்தப் புள்ள உசுரோட இருக்கற வரைக்கும் வருஷத்துக்கு ஒரு வண்டி வெறகு என் கையால கொண்டாறேன்னு வேண்டிக்கிட்டேன்."

ஒதிலியா கோலை விட்டாள். நடந்துபோய்க் குதிரையை ஓரமாக இழுத்தாள்.

மாடுகள் தண்ணீரில் இறங்கின. அவள் அவருடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு கூடவே இறங்கினாள். எழுபத்தெட்டு வருஷமாக இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"எப்படிச் சொல்றது? நீ தங்குவேன்னு நம்பாம, ஒரு வண்டியோட முடிஞ்சிரும்னு நெனச்சில்ல வேண்டிக்கிட்டேன்."