ரோசரி பிடுங்காத மிளகாய்க் குச்சி

ஏழாங்கட்டை ஊரில் ஒரு கல்யாணம் என்றால் பத்திரிகை அச்சாவதற்கு முன்பே ரோசரிக்குச் செய்தி போய்விடும். பந்தல்காரர், சமையல்காரர், மேளக்காரர் எல்லாம் அதற்குப் பிறகுதான். தோட்டத்தை விற்று, தொழிலாளர் லயத்தை இடித்து, ஆட்களைத் தாமான் என்ற புதுக் குடியிருப்பின் வரிசை வீடுகளில் குடிவைத்த பிறகும் இந்த ஒழுங்கு மாறவில்லை. காரணம் ரோசரியின் கை. ஓர் ஈர்க்குச்சியில் சிவப்பு மிளகாயையும் சின்ன வெங்காயத்தையும் கோத்து, விசேஷம் நடக்கும் இடத்தில் ஒரு மூலையில் அவள் குத்தி வைத்தால் அன்றைக்கு மழை வராது. மற்றவர்களும் குத்திப் பார்த்தார்கள். அவர்கள் வீட்டு விருந்தில் சாம்பாரோடு மழைத்தண்ணீரும் சேர்ந்ததுதான் மிச்சம். குத்தியவள்தான் பிடுங்க வேண்டும், பிடுங்கினால்தான் மழை திரும்பும் என்பது இன்னொரு விதி.

ரோசரி மாதா கோயில் ஆள். இந்த மிளகாய் வேலை பாவம் என்று ஃபாதர் அவளை ஒருமுறை கண்டித்தார். மாதா தேர்ப் பவனிக்கு முதல்நாள் மட்டும், கோயில் வேலியோரம் அவள் குனிந்து என்ன செய்கிறாள் என்று அவர் கேட்கவில்லை.

இதில் அவளுக்கு நம்பிக்கை உண்டா என்றால், அது அவளுக்கே தெரியாது. முன் வரிசை நாற்காலியில் மட்டும் அவளுக்கு நம்பிக்கை இருந்தது. புருஷன் மார்கஸ் இறந்த பிறகு விசேஷ வீடுகளில் அவளுக்குக் கிடைத்த இடம் சமையல் கொட்டகைப் பக்கம்தான். யாரும் போ என்று சொல்லவில்லை. குங்குமத் தட்டு அவளைச் சுற்றிக்கொண்டு போகும், அவ்வளவுதான். சாமி வேறு வேறாக இருந்தாலும் தாலி இழந்தவள் விஷயத்தில் மட்டும் எல்லா மதமும் ஒற்றுமையாக இருந்தது. கை ராசி என்று பேர் வந்ததும் அவளை முன்னால் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். புஞ்சாக் ஆலாம் பல்கலைக்கழக விடுதியில் வாரம் முழுக்கக் கழிவறை கழுவுகிறவளுக்கு, ஞாயிற்றுக்கிழமை பட்டுச்சேலை கட்டி முன்னால் உட்காருவது சின்ன விஷயமில்லை.

பிப்ரவரியில் இந்துக் கோயில் தலைவர் கார்த்திகேசுவின் இளைய மகள் ரூபினிக்குக் கல்யாணம். தாமான் டேவான் மண்டபத்துக்குப் பின்னால் உள்ள பாடாங் திடலின் ஓரத்தில் ரோசரி குச்சியைக் குத்தினாள். வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. அவள் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கையில் மஞ்சள் அரிசி. கெட்டிமேளத்துக்குக் கொஞ்சம் முன்னால் கார்த்திகேசுவின் மனைவி நல்லம்மாள் குனிந்து காதில் சொன்னாள்.

"ரோசரி, தாலி கட்டற நேரம் மட்டும் கொஞ்சம் பின்னால போய் நின்னுக்க. அப்புறம் வந்து ஒக்காந்துக்கலாம். தப்பா எடுத்துக்காத."

ரோசரி எழுந்து போனாள். அரிசியை எங்கே போடுவது என்று தெரியாமல் கைப்பையில் போட்டுக்கொண்டாள். திரும்பி வந்து உட்காரவில்லை. சாப்பிடாமல், குச்சியைப் பிடுங்காமல், நேராக வீட்டுக்கு நடந்தாள்.

அதற்குப் பிறகு மழை பெய்யவில்லை.

மார்ச் போய் ஏப்ரலும் பாதி ஆனது. பாடாங்கில் புல் காய்ந்து மண் வெடித்தது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டியை ஒத்திவைத்தார்கள். குழாயில் தண்ணீர் நூலாக வந்து, பிறகு லோரியில் வந்தது. விடுதி மாணவர்கள் அறையில் படுக்க முடியாமல் நடைவழியில் பாயைப் போட்டுப் படுத்தார்கள். அவர்களைத் தாண்டித் தாண்டித்தான் ரோசரி கூட்ட வேண்டியிருந்தது.

வேலை செய்ய முடியாத வெயிலில் பேச மட்டும் முடிந்தது. அப்பளசாமியின் தேநீர்க் கடையில் இரண்டு கட்சிகள் உருவாயின. செம்பனையை வெட்டிவிட்டு வீடு கட்டியதால் வந்த சூடு என்றது ஒன்று. இதெல்லாம் ஒரு வெயிலா, அந்தக் காலத்தில் நாங்கள் கித்தா வெட்டாத வெயிலா என்றது மற்றது. ரப்பர் பால் வெட்டுவது விடியற்காலையில் என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அப்பளசாமி ஒரு வெப்பமானி வாங்கித் தே அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டி, அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டார். அந்தப் படம் கெர்லிங் ஊர் வரைக்கும் போய், தூரத்துச் சபாக் ஊரைச் சுற்றி, 'சபாக்கில் வரலாறு காணாத வெயில்' என்று தலைப்பு வாங்கிக்கொண்டு அவருக்கே திரும்பி வந்தது. "பாத்தியா, நம்ம பரவால்ல" என்று அவர் கடையில் எல்லாருக்கும் காட்டினார்.

எல் நீனோ என்று சொன்னவள் ரோசரியின் மகள் கிளாரிஸ்ஸா. ரவாங்கில் ஆபீஸ் வேலை பார்ப்பவள். பசிபிக் கடல் சூடாகிவிட்டது, அதனால்தான் இங்கே மழையில்லை என்று தே வாங்கப் போன இடத்தில் விளக்கினாள். படித்த பெண் என்று மரியாதையோடு கேட்டார்கள். அவள் தலை மறைந்ததும் யாரோ கேட்டார்கள், "அதெல்லாம் சரி. ரோசரி அக்கா அந்த மொளகாக் குச்சிய புடுங்கிட்டாங்களா?"

அன்றோடு இரண்டு கட்சியும் ஒன்றாகிவிட்டது. நாலைந்து பேர் பாடாங்குக்குப் போய்த் தேடினார்கள். குச்சி கிடைக்கவில்லை. கிடைக்காததே பெரிய சாட்சியாகப் போனது. தண்ணீர் லோரியிடம் ரோசரி வாளியோடு போனால் வரிசை விலகி வழிவிட்டது. அவளுக்கு அது பிடிக்கவில்லை. கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கார்த்திகேசுவும் அப்பளசாமியும் இரண்டு இளநீரோடு வந்து அவள் வீட்டு அஞ்சடித் திண்ணையில் உட்கார்ந்தார்கள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. ஊர்ல ஒரு பேச்சு ஓடுது" என்று கார்த்திகேசு இழுத்தார்.

அவர் முடிப்பதற்குள் கிளாரிஸ்ஸா உள்ளேயிருந்து வந்துவிட்டாள். "அங்கிள், சீரியஸா? மொளகாயால மழ நிக்குமா? தாய்லாந்துலயும் மழையில்ல. அங்கயும் எங்கம்மாதான் போய் குத்துனாங்களா?"

அப்பளசாமி நல்ல மனிதர். ரோசரியின் முகத்தைப் பார்த்து அவருக்கு இரக்கம் வந்துவிட்டது. "பிள்ள சொல்றது சரிதான்லா, தலைவரே. இது உலகத்துக்கே வந்த சூடு. மொளகாயாவது, வெங்காயமாவது. அக்கா கையில ஒண்ணும் இல்ல. பாவம், அவங்கள விட்டுருங்க."

கார்த்திகேசுவின் முகம் தெளிந்தது. "அதுவும் சரிதான். எனக்கும் இதுல பெருசா நம்பிக்க கெடையாது. சரிக்கா, ஞாயித்துக்கிழம நம்ம மூத்தவ நித்தியாவுக்கு வளைகாப்பு. ஒங்களக் கூப்புடணும்னு இருந்தேன். வெயில்ல ஒங்களுக்கு எதுக்குச் சிரமம். நீங்க வீட்லயே இருங்க."

கிளாரிஸ்ஸா வென்றுவிட்ட முகத்தோடு அம்மாவைப் பார்த்தாள். குற்றமில்லை என்று விடுதலை கொடுத்த அதே வாயால் ரோசரியை மறுபடியும் கொட்டகைக்குப் பின்னால் அனுப்பிவிட்டார்கள். கையில் ஒன்றும் இல்லை என்றால் ரோசரி என்று ஒருத்தியும் இல்லை. அவளுக்காகப் பரிந்து பேசிய இரண்டு பேர் மேலும் அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

"நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன்" என்றாள்.

"அம்மா" என்றாள் கிளாரிஸ்ஸா.

"நீ சும்மா இரு. தம்பி, நான் புடுங்கல. மறந்து போய் இல்ல. வேணும்னுதான் விட்டேன். மழைய நிறுத்த நான் வேணும், தாலி கட்டறப்ப என் மொகம் மட்டும் ஆகாது. ஒங்க வீட்டம்மா என்னப் பின்னால போகச் சொன்னாங்க. போயிட்டேன். மழையும் என்கூட வந்துருச்சு."

அப்பளசாமி எழுந்து நின்றுவிட்டார். தே கடைக்கும் விஞ்ஞானத்துக்கும் இருந்த உறவு அந்த இடத்திலேயே முடிந்தது. கார்த்திகேசு இளநீரைக் கீழே வைத்தார்.

"இப்ப என்னக்கா செய்யணும்?"

"நித்தியாவுக்கு நான் வளையல் போடணும். எல்லாரும் பாக்க. ஆளோட ஆளா."

அவர் கைத்தொலைபேசியோடு வாசலுக்குப் போய் நல்லம்மாளிடம் நெடுநேரம் பேசினார். அந்தப் பக்கத்துக் குரல் அஞ்சடி வரைக்கும் கேட்டது. திரும்பி வந்து, "சரிங்கக்கா" என்றார்.

மறுநாள் காலையில் ரோசரி பாடாங்குக்குப் போனாள். குச்சி இல்லை. வேலியோரம் கிடந்த ஏதோ ஓர் ஈர்க்கை எடுத்து மண்ணில் குத்தி, பிடுங்கி, வாய்க்காலில் போட்டாள். யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். மத்தியானம் மூன்று மணிக்கு வானம் கறுத்தது. பிறகு கொட்டியது. தாமான் முழுக்க ஆட்கள் வெளியே வந்து நனைந்தார்கள். விடுதி நடைவழியில் துடைப்பத்தோடு நின்று அதைப் பார்த்த ரோசரிக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகமாக வந்தது. தான் இத்தனை பெரிய ஆளா என்று ஒரு நிமிஷம் நம்பியும்விட்டாள்.

சனிக்கிழமையும் அதே நேரத்துக்கு மழை. ஞாயிற்றுக்கிழமை கார்த்திகேசு வீட்டு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். மழையை விடச் சொல்லிக் கெஞ்சிவிட்டு, மூன்றாம் நாளே நிறுத்தச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அதனால் குச்சி குத்தச் சொல்லவில்லை.

ரோசரியை மரியாதையாக உட்காரவைத்தார்கள். குளிர்ந்த பானம் வந்தது. நித்தியா நிறைமாத வயிற்றோடு மணையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு மாத வெயிலில் கை கால் எல்லாம் வீங்கியிருந்தது. பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து சந்தனம் பூசி வளையல் போட்டார்கள். தட்டு ரோசரியிடம் வந்தது. வந்த வேகத்தில் அப்படியே அடுத்தவளிடம் போனது. நல்லம்மாள்தான் தட்டைத் திருப்பினாள். பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகச் சொன்னாள், "அதான் மழ வந்துருச்சே."

கிளாரிஸ்ஸா எழுந்துவிட்டாள். "வாம்மா, போலாம்."

ரோசரி அவளைப் பிடித்து உட்காரவைத்தாள். அவமானத்தில் காது இரண்டும் சுட்டது. ஆனாலும் மேற்கே கடல் பக்கம் கறுத்து வருவதை அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தாள். இடி இடித்தது. பந்தல் துணி படபடத்தது. வெளியே அண்டாவில் சாதமும் தட்டுகளில் பலகாரமும் திறந்து கிடந்தன. கார்த்திகேசு ஓடி வந்தார். கையில் ஈர்க்குச்சி, அதில் மிளகாய் வெங்காயம் எல்லாம் தயாராகக் கோத்திருந்தது.

"அக்கா, ஒரே குத்து. சாப்பாடு மட்டும் முடியட்டும்."

ரோசரி கையை மடியில் வைத்துக்கொண்டாள். "வளையல் போட்ட கைதான் தம்பி குத்தும்."

கார்த்திகேசு மனைவியைப் பார்த்தார். நல்லம்மாள் வானத்தைப் பார்த்தாள், அண்டாவைப் பார்த்தாள். பிறகு தட்டை எடுத்து வந்து நீட்டினாள்.

ரோசரி பச்சையில் ஒன்று, சிவப்பில் ஒன்று எடுத்தாள். கண்ணாடி வளையல். நித்தியாவின் வீங்கிய கையில் ஏறவில்லை. தேங்காய் எண்ணெய் கேட்டு வாங்கித் தடவி, கட்டைவிரலை உள்ளே மடக்கி, நோகாமல் நெளித்து நெளித்து ஏற்றினாள். "வலிக்குதாடா?" என்றாள். "இல்ல ஆன்ட்டி" என்றாள் நித்தியா. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒரு விசேஷ வீட்டில் ரோசரியின் கை ஒரு பெண்ணின் கையைத் தொட்டது. கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது வளையலும் ஏறியதும் எழுந்து போய்ப் பந்தல் காலோரம் குச்சியைக் குத்தினாள்.

அவள் நிமிர்வதற்குள் கொட்டியது. மூன்று நாள் மழையும் சேர்ந்து ஒரே நேரத்தில் வந்ததுபோல் இருந்தது. பந்தல் ஒரு பக்கம் சரிந்து, சாதமும் பலகாரமும் தண்ணீரில் மிதந்தன. எல்லாரும் வீட்டுக்குள் ஓடி நெருக்கியடித்து நின்றார்கள். அப்பளசாமி, "நான் அன்னைக்கே சொன்னேன்லா, மொளகாயில ஒண்ணும் இல்லன்னு" என்றார்.

சேலையெல்லாம் நனைந்து ரோசரி வாசலில் நின்றாள். நல்லம்மாளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"மழையும் நிக்கல, மண்ணும் நிக்கல. ஊர ஏமாத்திட்டா. நித்தியா, அந்த ரெண்டையும் கழட்டுடி."

நித்தியா வளையலைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். மணிக்கட்டைத் தாண்டி வரவில்லை. இன்னொரு முறை இழுப்பதுபோல் செய்துவிட்டுக் கையை அம்மாவிடம் நீட்டினாள்.

"வரமாட்டேங்குதும்மா. கை வீங்கியிருக்கு. ஒடைச்சாத்தான் உண்டு. நீயே ஒடைச்சுரு."

வீடு நிறையப் பெண்கள் இருந்தார்கள். வளைகாப்பு அன்று, நிறைமாதக்காரி கையில், ஒரு வளையலை உடைக்க அத்தனை பேரில் ஒருத்தியும் முன்னால் வரவில்லை. நல்லம்மாள் நீட்டிய கையைத் தொடவில்லை, பின்னால் நகர்ந்தாள்.

இனித் தன்னை யாரும் எதற்கும் முதலில் கூப்பிடப் போவதில்லை என்பது ரோசரிக்குத் தெரிந்தது. நித்தியாவுக்குப் பிள்ளை பிறக்கிற வரைக்கும் அந்த இரண்டு வளையலும் அங்கேதான் இருக்கும் என்பதும் தெரிந்தது.