கிரின்ஸ்டெட் ராணியும் மூன்றாவது தட்டும்

டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் பறவை சுடும் கழகம் ஒன்று இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை கம்பத்தின் உச்சியில் மரப்பறவை ஒன்றை ஏற்றிவைத்து, ஆளுக்கொரு வெடியாகச் சுடுவார்கள். கடைசித் துண்டை விழுத்துகிறவர் அந்த வருடத்துக்கு ராசா. அவருடைய மனைவி ராணி. இந்த முறை விழுத்தியவர் பாலேந்திரா. தொழிற்சாலைக் கூட்டாளிகள் இழுத்துக்கொண்டு போனதால் போனவர், துவக்கை வாங்கியதும் கண்ணை இறுக்கி மூடினார், தும்மினார், வெடித்தது. அந்தத் தும்மல் ஜெர்மன் எல்லை வரைக்கும் கேட்டதாகச் சொல்கிறார்கள்.

செய்தி காதில் விழுந்த அந்தக் கணமே அவருடைய மனைவி தவமலர் ராணியாகிவிட்டாள். அவள் வேலை செய்கிற முதியோர் இல்லத்துக்கு வாராவாரம் சஞ்சிகைகள் வரும். அவற்றை வாசித்து வாசித்து ஐரோப்பாவின் அத்தனை ராணிகளுக்கும் யார் மாமி, யார் மச்சாள், யாரோடு யார் கோபம் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஓகூசில் படிக்கும் மகன் சிந்துஜனை உடனே அழைத்தாள்.

“இனி நீ முடிக்குரிய இளவரசன். அந்தக் கிழிஞ்ச ஜீன்ஸை எறி.”

ஒரேயொரு சடங்குதான் மிச்சம். சனிக்கிழமை காலை கழகத்தார் பாண்ட் வாத்தியத்தோடு வந்து ராசாவின் வீட்டுக் கதவை மூன்றுதரம் தட்டுவார்கள். மூன்றாவது தட்டுக்குக் கதவு திறந்தால், ராசாவின் பெயர் எழுதிய வட்டப் பலகையைச் சுவரில் ஆணி வைத்து அறைவார்கள். திறக்காவிட்டால் முடி இரண்டாவதாக வந்தவருக்கு. அவர் மாக்கிரட்டின் புருசன். மாக்கிரட்டோ போன வருடம் வரை பல வருடம் ராணியாக இருந்து, ராணிக் கதிரையில் தன் அளவுக்குப் பள்ளமே விழுத்தி வைத்திருப்பவள்.

ஊர்வலம் ஒன்பதரைக்கு வந்து நின்றது. அப்போதுதான் தவமலரின் கண் குசினிச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் விழுந்தது. சனிக்கிழமை, ஒன்பதிலிருந்து பத்தரை வரை இராகு காலம்.

“இஞ்சாருங்கோ, கதவைத் துறக்காதேங்கோ.”

“துறக்காட்டி முடி போயிடுமப்பா,” என்றார் கோட்டும் ரையுமாக நின்ற பாலேந்திரா.

“இராகு காலத்திலை ஆணி அடிச்சாலும் போயிடும். அந்தச் சிவப்புக் காரை இராகு காலத்திலை எடுத்துத்தானே சில்க்போர்க் வாவிக்குள்ளை விட்டனீங்கள்.”

“அது கைப்பிரேக் போடாததாலை.”

“ஏன் போடேல்லை? இராகு.”

வெளியே கழகத் தலைவர் லோரன்ஸ் ஒருதரம் தட்டினார். இரண்டாந்தரமும் தட்டினார். மூன்றாவதுக்குக் கை எழும்பிய நேரம் குசினி யன்னல் படாரென்று திறந்தது. மாலை விருந்துக்கென்று பொரித்து மலைபோலக் குவித்திருந்த ஆட்டிறைச்சி றோல்ஸில் இரண்டை எடுத்து, அவருடைய வலக்கையில் ஒன்றும் இடக்கையில் ஒன்றுமாகத் தவமலர் வைத்தாள். இரண்டு கையிலும் சுடச்சுட றோல்ஸ் இருக்கிறபோது கதவு தட்டக்கூடிய மனிதப் பிறவி இன்னும் பிறக்கவில்லை. ஒரு கை வெறுமையானால் மற்றக் கை நிறைந்தது. பாண்ட்காரர் வாத்தியங்களைப் புல்லில் போட்டுவிட்டு யன்னலடியில் வரிசை கட்டினார்கள். உறைப்பில் ஒருவருடைய காதுவழியே புகை வந்ததை ஊரே பார்த்தது. அவர்தான் நான்காவது றோல்ஸும் கேட்டார்.

“லோரன்ஸ், தட்டு,” என்றாள் மாக்கிரட்.

“இந்தா, இதை முடிச்சிட்டுத் தட்டுறன்.”

பத்தரைக்குத் தட்டம் காலியானது. தவமலர் நிம்மதியாக மூச்சு விட்டுக் கதவுப் பிடியில் கை வைக்கவும் போன் அடித்தது. ரண்டர்ஸிலிருந்து பரமேஸ்வரி. ஒன்றுவிட்ட அக்கா; பஞ்சாங்கத்தைக் கரைத்துக் குடித்தவள்.

“துறந்திட்டியோ?”

“துறக்கப் போறன் அக்கா. பத்தரை ஆச்சு.”

“விசரி. அது யாழ்ப்பாணத்துக் கணக்கு. பகலை எட்டாப் பிரிச்சதுதானே இராகு காலம்? ஆனி மாசத்திலை இஞ்சை சூரியன் எங்கை படுக்குது? உன்ரை இராகு பதினொண்டேகால் மட்டும் நிப்பார்.”

டென்மார்க்குக்கு வந்தால் இராகுவும் ஓவர்டைம் செய்கிறார். வெளியே லோரன்ஸ் கையைத் துடைத்துக்கொண்டு படியேறினார். மாக்கிரட் தோளில் கிடந்த ராணிப் பட்டியை நீவி நேராக்கிக்கொண்டாள்.

“மேனுஜா, ஏதாவது செய் பிள்ளை.”

சோபாவில் கிடந்த மகள் தலையைக்கூட நிமிர்த்தாமல் டெனிஷில் சொன்னாள்: “பாடச் சொல்லுங்கோ அம்மா.”

அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. டென்மார்க்காரரிடம் பாட்டுத் தாளைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குத் தீ வைத்தாலும், கடைசி அடி வரைக்கும் பாடி முடித்துவிட்டுத்தான் வாளி தேடுவார்கள்.

தவமலர் யன்னலால் எட்டினாள். “லோரன்ஸ், புது ராசாவுக்கு ஒரு பாட்டும் எழுதேல்லையோ?”

லோரன்ஸ் காது மடல் வரை சிவந்தார். எழுதாமல் இருப்பாரா? இரவு விருந்துக்கென்று கட்டிய பாட்டின் தாள்கள் கோட்டுப் பைக்குள் தயாராக இருந்தன. அனுமார் வால் தோற்றுப்போகும் நீளம். தும்மலுக்கு மட்டும் மூன்று சரணம். ஊர் முழுக்க நின்று பாடியது. மாக்கிரட் கொஞ்ச நேரம் வாயை இறுக்கிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு கையில் தாள் இருந்த பாவத்துக்கு அவளும் பாடினாள், அதுவும் எல்லாரையும் விட உரத்து.

கடைசிச் சரணத்தை இரண்டுதரம் பாடி அவர்கள் ஓய்ந்தபோது பதினொன்றேகால் தாண்டியிருந்தது.

“இப்ப தட்டுங்கோ,” என்றாள் தவமலர்.

மூன்றாவது தட்டு விழுந்தது, கதவு திறந்தது, இராகு போன சுத்தமான நேரத்தில் பலகை சுவரில் ஏறியது. மாக்கிரட் பட்டியைக் கழற்றித் தவமலரின் சேலைக்கு மேலே போட்டுவிட்டாள்.

“நான் ராணியாய் இருந்தபோது பாணும் சீஸும்தான் குடுத்தனான். இனி எந்த முகத்தோடை திரும்பவும் ராணியாய் வாறது?”

“அடுத்த கிழமை வாங்கோ, றோல்ஸ் சுத்தப் பழக்கிவிடுறன்.”

வாத்தியம் தொடங்கியது. ராசாவும் ராணியும் கைகோத்தபடி முன்னால் நடக்கவேண்டும் என்று லோரன்ஸ் சொன்னார். பாலேந்திரா பழக்கதோசத்தில் பத்தடி முன்னே போய்விட்டார். தவமலர் எட்டி நடந்து அவருடைய கைக்குள் தன் கையை நுழைத்துக்கொண்டாள்.

“சனம் பாக்குது,” என்று முணுமுணுத்தார் ராசா.

“பாக்கத்தானே வந்தவை,” என்று ராணி மற்றக் கையை அசைத்தாள்.