முத்து லேகியம்

அம்மா மௌத்தாகி, நாற்பதாம் நாள் பாத்திஹாவும் ஓதி முடித்த மறுவாரம், சனோபர் அந்த முத்து மாலையைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு தல்லாகுளத்துக்குக் கிளம்பினாள். கோரிப்பாளையத்திலிருந்து பக்கம்தான். ஆனாலும் ஆட்டோ பிடித்தாள். படுக்கையில் கிடந்த தாயை எட்டு வருஷம் தூக்கி, புரட்டி, கழுவி, ஊட்டிவிட்ட உடம்பு அது. எல்லாம் முடிந்தபிறகாவது அசதி போகும் என்றார்கள். எங்கே போயிற்று? எலும்புக்குள் நன்றாக இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டது.

மாலையில் ஐம்பத்து நாலு முத்து. அதில் பதினெட்டு போலி. அது சனோபருக்குத் தெரியும். ஏன் போலி என்பதும் தெரியும். உயிரோடிருப்பவர்களில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அவள் தம்பி தவ்பீக், மூன்று வயதில் நெஞ்சு படபடத்து, உதடு நீலம் பாரித்து, பூனைக்குட்டி மாதிரி கிடந்தவன். ஆஸ்பத்திரி எல்லாம் அலைந்துவிட்டுக் கடைசியில் யுனானி மருந்து கொடுக்கும் ஒரு ஹக்கீமிடம் போனார்கள். நல்ல முத்தைப் பன்னீர் விட்டு மையாக அரைத்து, சர்க்கரைப் பாகில் லேகியமாகக் கிண்டித் தர வேண்டும் என்றார் அவர். "கடை முத்த நம்ப முடியாதும்மா. வீட்டுல இருந்தா கொண்டாங்க."

வீட்டில் இருந்தது, அம்மாவுக்கு அவள் மாமியார் போட்ட இந்த மாலை. மாமியாரோ மருமகள் கழுத்தைத் தினமும் கண்ணால் எண்ணுகிறவள். அதனால் அம்மா ஒரு முத்தைக் கழற்றும்போதெல்லாம், புதுமண்டபத்துக் கடையில் வாங்கிய கண்ணாடி மணி ஒன்றை அந்த இடத்தில் கோத்தாள். நூலின் முனையைப் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தவள் பதின்மூன்று வயதுச் சனோபர். ஒன்றரை வருஷத்தில் பதினெட்டு முத்து. பையன் தேறினான். முத்தால் தேறினானோ வயதால் தேறினானோ, அல்லாஹ்வுக்கே வெளிச்சம்.

"அவன்ட்ட மட்டும் சொல்லிப்புடாத" என்று அம்மா படுக்கையிலும் கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் வாங்கியிருந்தாள். "பெத்தவ மருந்து குடுத்தத சொல்லிக் காட்டலாமா?"

அதனால்தான், "மதிப்பெல்லாம் எதுக்குடா, நீயே வச்சுக்க" என்று சனோபர் தம்பியிடம் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை. சமயநல்லூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறவன்; எதையும் எடை போட்டே பழக்கம்.

"நாளைக்கு யாரும் ஒரு சொல்லு சொல்லிரக் கூடாதுக்கா. மதிப்புப் போடுவோம். மார்க்கப்படி எனக்கு ரெண்டு பங்கு, உனக்கு ஒரு பங்கு."

கல்லும் முத்தும் பார்த்து மதிப்புச் சொல்லும் வெள்ளைத்துரையின் அறை மாடியில் இருந்தது. தவ்பீக் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தான்.

"வா தங்கச்சி, உக்காரு. ஏன் இம்புட்டு வாடிப் போயிருக்க?" என்றார் வெள்ளைத்துரை. மாலையை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றினார். ஒரு முத்தை முன்பல்லில் வைத்து மெல்ல உரசினார்.

"பல்லுல நறநறங்கணும் பாய். வழுக்குனா போலி. பயப்படாதீங்க, முழுங்கிற மாட்டேன்."

தவ்பீக் சிரித்தான். சனோபர் கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

உரச உரச அவர் முகம் மாறியது. நூலை அறுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அறுத்து, துளையைப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, கறுப்புத் தட்டில் இரண்டு குவியலாக ஒதுக்கினார்.

"இந்த முப்பத்தாறும் கடல் முத்து. துளை எம்புட்டுச் சின்னதா இருக்கு பாருங்க, அந்தக் காலத்து வேலை. சென்னைக்கு அனுப்பி எக்ஸ்ரே எடுத்தா அடிச்சுச் சொல்லலாம், எப்படியும் விலை லட்சத்துக்குக் கொறையாது. இந்தப் பதினெட்டும்..." உதட்டைப் பிதுக்கினார். "கண்ணாடி. உள்ள மெழுகு."

தவ்பீக் அந்தக் கண்ணாடிக் குவியலை விரலால் கலைத்தான். பிறகு அக்காவைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தே சொன்னான்.

"பதினெட்டு. அம்பத்து நாலுல மூணுல ஒண்ணு. கணக்கா உன் பங்கு."

"தவ்பீக்."

"எட்டு வருசமா பீரோச் சாவி உன் இடுப்புலதானக்கா கெடந்துச்சு. கஷ்டம்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்ல?"

அவன் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இரக்கப்பட்டுச் சொன்னான், பாருங்கள், அதுதான் சுட்டது. வாயைத் திறந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். திறக்கவில்லை. பேர் போனால் போகட்டும், அம்மாவுக்குக் கொடுத்த வாக்காவது மிஞ்சட்டும் என்று சுவரில் சாய்ந்துகொண்டாள்.

வெள்ளைத்துரைக்குத்தான் பொறுக்கவில்லை.

"பாய், அவசரப்பட்டு வார்த்தைய விடாதீங்க. மெழுகு எப்படிப் பழுப்பேறிக் கெடக்கு பாருங்க. முப்பது வருசத்துக்கு மேல இருக்கும். இப்ப போலின்னா எல்லாம் பிளாஸ்டிக்கு. இந்த மணியெல்லாம் கண்ணுல காணவே முடியாது. இது தங்கச்சி சின்னப் பிள்ளையா இருந்தப்ப மாத்துனது."

தவ்பீக் நிமிர்ந்தான். அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னலுக்குத் திரும்பினான். அவன் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வரும் என்று சனோபர் காத்திருந்தாள். வந்தது வேறு.

"அப்ப அம்மாவா? முப்பது வருசமா கண்ணாடியக் கோத்து மாட்டிக்கிட்டு, என் பிள்ளைகட்டயும் ‘இது உங்க சொத்து’ன்னு காட்டிக்கிட்டு இருந்துச்சா? வித்துத் தின்னுட்டு நம்மள எல்லாம் ஏமாத்தியிருக்கு."

அம்மாவைப் புதைத்த மண்கூட இன்னும் காயவில்லை. சனோபருக்கு எங்கிருந்தோ குரல் வந்தது.

"தின்னது அம்மா இல்லடா. நீ."

சொல்ல ஆரம்பித்தாள். ஹக்கீம், பன்னீர், புதுமண்டபத்து மணி, தான் பிடித்த நூல்முனை. குரலை உயர்த்தவில்லை, உயர்த்தத் தெம்பில்லை. நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டாள். வெள்ளைத்துரை பூதக்கண்ணாடியைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டார்.

தவ்பீக்கின் கை அவனை அறியாமல் நெஞ்சுக்குப் போனது.

"கசந்துச்சா?" என்றான். முப்பத்தெட்டு வயது ஆள், கேட்ட கேள்வி அதுதான்.

"இனிக்கும். இன்னும் குடுன்னு அழுவ."

அவன் அந்தப் பதினெட்டு மணிகளையும் உள்ளங்கையில் அள்ளிக்கொண்டான். பிறகு வெள்ளைத்துரையிடம் திரும்பினான்.

"அண்ணே, இந்தப் பதினெட்ட என் பங்குல எழுதுங்க. நான் வாங்கிட்டேன். மிச்சம் முப்பத்தாறு, ஆளுக்குப் பாதி."

"மருந்துக்கெல்லாம் கணக்குப் பாக்காதடா. ரெண்டுக்கு ஒண்ணாவே பிரி."

"எழுதுங்கண்ணே."

"எழுதுறதா இருந்தா சரியா எழுதச் சொல்லு" என்றாள் சனோபர். "ஒவ்வொரு தடவையும் கரண்டிய நக்குனது நான்தான். அதுல ஒரு முத்தாவது எனக்குள்ள போயிருக்கும்."

வெள்ளைத்துரை சிரித்துவிட்டார். தவ்பீக் சிரிக்கவில்லை, அவன் கண் நிறைந்து போயிருந்தது. மன்னிச்சுக்கக்கா என்று அவன் சொல்லவில்லை. இந்த ஆம்பிளைகளுக்கு அது சட்டென்று வாயில் வராது. அதற்காகக் காத்திருக்கவும் அவளுக்குத் தெம்பில்லை.

ஆளுக்குப் பதினெட்டு என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டாள். அம்மாவிடம் என்ன சொல்வது என்பதுதான் இப்போது அவளுடைய கவலை. கலிமா சொன்ன வாயால் சத்தியம் செய்து, அம்மா போய் இரண்டு மாசம்கூட அதைக் காப்பாற்ற முடியவில்லை.

"சாப்டியாக்கா?" என்றான் தவ்பீக், வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டே.

"சோறு வேணாம். வீட்டுல கொண்டுபோய் விடு. கொஞ்சம் படுக்கணும்."